உலகம்மாள் பேசுகிறேன், பெருகட்டும்

ஆடி 4, ஞாயிறு

ஆடியில் கல்யாணம் கிடையாது. அண்டாக்கள் எல்லாம் கொட்டகையில் கவிழ்ந்து கிடக்கின்றன. கை சும்மா இருந்தால் எனக்குக் கால் வலிக்கும், அதனால் எழுத உட்கார்ந்தேன். மண்டபத்துக்காரர் கொடுத்த போன வருஷத்து டைரி இது. அச்சடித்த தேதி பொருந்தாது என்று தமிழ்த் தேதி போட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் என் கையெழுத்து கோணாது. நாற்பது வருஷமாகக் கல்யாணச் சாமான் பட்டியல் எழுதுகிறேன். இது என்ன எழுத்து என்று எந்தக் கடைக்காரரும் கேட்டதில்லை.

பாளையங்கோட்டையில் கல்யாணச் சமையல் என்றால் எங்களைத்தான் கை காட்டுவார்கள். என் வீட்டுக்காரர் காலமானதும் கரண்டி என் கைக்கு வந்தது. பதினெட்டு வருஷம் ஆகிறது. கல்யாணம் பேசுவது, ஆள் கூட்டுவது எல்லாம் மகன் பிரமநாயகம். அடுப்படி மட்டும் என்னுடையது.

இன்று மத்தியானம் சாப்பிடும்போது மகன் பேச்சை எடுத்தான்.

"யம்மா, ஆவணி பதிமூணு கல்யாணம் பெரிய கல்யாணம். மாடியில ஒரு பந்தி, அதுக்கு மேல் மாடியில ஒரு பந்தி. அதோட நீ கொஞ்சம் உக்காரு. இனிமே மாஸ்டரா வர அம்பாசமுத்திரம் சுடலைமுத்துகிட்ட பேசி வச்சிருக்கேன்."

"எதுக்கு? என் சாம்பார்ல என்ன குத்தம்?"

"சாம்பார்ல ஒண்ணுமில்ல. வைகாசிக் கல்யாணத்துல ரசம் ரசம்னு மாடிப்படியில நின்னு கொம்பையா மாமா தொண்டை கிழியக் கத்துனாரு. நீ திரும்பிக்கூடப் பாக்கல. பந்தி அப்படியே நின்னு போச்சு."

பர்னர் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? கொம்பையா எங்கள் பந்தி விசாரிப்பு, பரிமாறுகிறவர்களை மேய்க்கிறவர். பல் போனதிலிருந்து அவர் வாய்க்குள்ளேயே பேசுகிறார். இப்போது எல்லாருமே அப்படித்தான் பேசுகிறார்கள்.

பேத்தி காந்திமதி எனக்காகப் பேசினாள். எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படித்தவள். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண். வேலைக்குப் போ என்றால் சமையல் தொழிலுக்கு வந்து நிற்கிறாள்.

"அப்பா, அடுப்படிக்கும் பந்திக்கும் வாக்கி டாக்கி வச்சிருவோம். இந்தக் கல்யாணம் தடங்கலில்லாம நடந்துட்டா ஆச்சிதான் மாஸ்டர். சரியா?"

"பாப்போம்" என்றான். எங்கள் வீட்டில் பாப்போம் என்றால் பாதி சரி.

ஆடி 6, செவ்வாய்

கடுகைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனேன். தாளித்தால் வெடிப்பதே இல்லை, எண்ணெய்க்குள் ஊமையாகக் கிடக்கிறது. எல்லாம் கலப்படம். "நல்ல கடுகுதான் ஆச்சி" என்று கடைக்காரர் சாதித்தார். நான் விடவில்லை. அவரும் விடவில்லை. அதே கடுகோடு வீட்டுக்கு வந்தேன்.

ஆடி 8, வியாழன்

காந்தியும் நானும் ஜங்ஷனுக்குப் போய் வாக்கி டாக்கி வாங்கி வந்தோம். கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி வாங்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். கத்தரிக்காயை நான் எப்படி வாங்குவேன் என்று அவளுக்குத் தெரியாது.

கடைக்காரத் தம்பி முதலில் சிவப்பு நிறத்தில் ஒரு ஜோடி எடுத்து வைத்தார். அது பிள்ளைகள் விளையாடுவது. தள்ளி வைத்தேன். அடுத்தது செங்கல் கனத்தில் ஒன்று. "இது நல்ல தூரம் போகும் ஆச்சி, ஆனா சர்க்கார்ல லைசென்ஸ் வாங்கணும்" என்றார். சாதம் கேட்க சர்க்காரிடம் போக முடியுமா? அதையும் தள்ளினேன். மூன்றாவது லைசென்ஸ் வேண்டாத ரகம், அதில் இரண்டு மாதிரி. ஒன்றில் பேசுகிற பொத்தான் உள்ளே அடங்கி இருந்தது. இன்னொன்றில் தவளைக் கண் மாதிரி துருத்திக்கொண்டு இருந்தது.

கையில் எடுத்துப் போயிருந்த தேங்காய் எண்ணெயை விரலில் தடவிக்கொண்டு இரண்டையும் அமுக்கினேன். கடைக்காரத் தம்பி எழுந்தே விட்டார்.

"ஆச்சி, என்ன செய்யுதிய?"

"எங்க அடுப்படியில காஞ்ச கை எவளுக்கும் கிடையாது தம்பி."

அடங்கின பொத்தான் வழுக்கியது. தவளைக் கண்தான் சரி. "அது லேசுல அமுங்கிரும் ஆச்சி, உள்ள இருக்கதே நல்லது" என்று அவர் சொல்லிப் பார்த்தார். காந்தியும் அதையே சொன்னாள். சமைக்கிறவள் நானா, நீங்களா என்று கேட்டேன்.

பக்கத்து டீக்கடைக்குப் போய் பாய்லர் ஆவியில் காட்டினேன். வேர்த்தது, ஆனால் பேசியது. காந்தியை நாலு கடை தள்ளி, இரண்டு சுவருக்கு அப்பால் நிற்க வைத்து, காதில் மாட்டும் ஒயரை மாட்டிக்கொண்டேன். இடது பக்கம் மாட்டினால் ஒன்றுமே இல்லை. ஒயர் கோளாறு. வலது பக்கம் மாட்டியதும் சரியாகிவிட்டது.

"ஆச்சி, கேக்கா?"

என் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அவள் பக்கத்தில் யாரோ சில்லறை எண்ணுகிற சத்தம். இந்தப் பெண்ணுக்குக் கீச்சுக் குரல் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அடியில் கொஞ்சம் கரகரப்பு இருக்கிறது, அவள் தாத்தாவுக்கு இருந்த மாதிரி. கடை வாசலிலேயே நின்று, இன்னும் பேசு, இன்னும் பேசு என்றேன். கண்ணில் பட்ட கடைப் பெயரை எல்லாம் வாசித்துக் காட்டினாள். பொத்தானை அமுக்காமலே நான் பதில் சொல்லிக்கொண்டு நின்றேனாம். போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பார்க்கட்டும்.

நாலு செட் வாங்கினோம். அடுப்படிக்கு ஒன்று, இரண்டு பந்திக்கும் ஒவ்வொன்று, மகனுக்கு ஒன்று.

பஸ்ஸில் காந்தி என் இடது காதையே பார்த்துக்கொண்டு வந்தாள். கம்மல் அழுக்காக இருந்திருக்கும்.

ஆடி 9, வெள்ளி

பொத்தானை அமுக்கினால் பேசலாம், கேட்க முடியாது. விட்டால் கேட்கலாம், பேச முடியாது. இந்தப் பொத்தான் என் கல்யாணத்தன்று இருந்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஆயுள் கூடியிருக்கும்.

ஆடி 11, ஞாயிறு

பேசி முடித்ததும் "ஓவர்" என்று சொல்ல வேண்டுமாம். நம் அடுப்படியில் அந்தப் பேச்சு கூடாது என்றேன். கல்யாண வீட்டில் தீர்ந்தது, முடிந்தது, இல்லை என்று எதுவும் வாயில் வரக் கூடாது. அண்டா காலியானால் பெருகியிருக்கிறது என்றுதான் சொல்லுவோம். அவர் வைத்த சட்டம் அது. நான் காப்பாற்றி வருகிறேன்.

"அப்ப என்னன்னு முடிக்க?"

"பெருகட்டும்னு முடி."

காந்தி மொட்டை மாடியில் நின்று சொன்னாள்: "காந்திமதி பேசுதேன், காப்பி வேணும், பெருகட்டும்." கீழே அடுக்களையில் இருந்து நான்: "உலகம்மாள் பேசுகிறேன், இறங்கி வந்து குடி, பெருகட்டும்." செட்டில் பேசும்போது எனக்குப் பாடப் புத்தகத் தமிழ் தானாக வருகிறது.

இப்படியே இருட்டும்வரை பேசினோம். மருமகள் வந்து தோசைக் கரண்டியை என் கையில் இருந்து பிடுங்கிக்கொண்டாள்.

ஆடி 12, திங்கள்

மகன் செட்டைக் கையில் வாங்க மாட்டேன் என்கிறான். போன் போதாதா என்கிறான். எண்ணெய்க் கையோடு போனை எடுத்து, கண்ணாடி தேடி, பெயர் தேடி, அதற்குள் பந்தி எழுந்து போய்விடும். இதைச் சொன்னால் பதில் சொல்லாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். இடது பக்கம். ஏதாவது முனகியிருப்பான்.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். காய் நறுக்குகிற பாப்பாவும் வந்தாள். முப்பது வருஷமாக என்னோடு இருப்பவள். எனக்குத் தெரியாத ரகசியம் அவளிடம் இல்லை. அவளுக்குத் தெரியாதது என்னிடம் ஒன்று உண்டு.

பாப்பாவைப் பாலம் வழியாக அக்கரைக்கு அனுப்பினோம். "யக்கா, தெரியுதா?" என்று செட்டில் கேட்டுக்கொண்டு அங்கிருந்து முந்தானையை ஆட்டினாள். தண்ணீர் நடுவில் புரண்டு போகிறது, அவள் குரல் அதன்மேல் நடந்து வருகிறது.

திடீரென்று வேறு குரல் புகுந்தது. "ரெண்டாவது மாடிக்கு ரெண்டு பேர் வாங்க, கூட்டம் நெரிக்கு." ஏதோ ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடிக் காவலர்கள். நாங்கள் வைத்திருந்த சேனலிலேயே அவர்களும் இருந்தார்கள். கூட்டத்தை வரிசையாக உட்கார வைத்து ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுங்கள், அமைதியாகிவிடும் என்று சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் ஒருவர், "யாரு, முதலாளியம்மாவா?" என்று பயந்துபோய்க் கேட்டார். "ஆமாம், பெருகட்டும்" என்றேன். சிரித்ததில் காந்திக்குப் புரையேறியது. உடனே சேனலை மாற்றிவிட்டாள்.

ஆவணி 2, திங்கள்

மண்டபத்துக்குப் போய் ஒத்திகை பார்த்தோம். மேல் மாடி மூலையில் மட்டும் குரல் அறுந்து அறுந்து வந்தது. கொம்பையாவை ஜன்னல் ஓரமாக நிற்கச் சொன்னதும் சரியானது. அவருக்கு இப்போது பல் இல்லாமலே பேச்சு தெளிவாகிவிட்டது. செட்டுக்கு அப்படி ஒரு சக்தி.

கொம்பையா காதில் ஒயர் மாட்ட மாட்டேன் என்கிறார், கூச்சமாம். சட்டைப் பையில் வைத்துச் சத்தத்தை முழுசாகத் திருகிக்கொள்கிறார்.

ஆவணி 10, செவ்வாய்

சுடலைமுத்து வீட்டுக்கு வந்து போனான். வெள்ளை வேட்டி, நல்ல பையன், முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளிக்கிழமை விருந்தாளியாக வந்து பந்தியில் உட்கார்ந்து பார்ப்பானாம். நான் காப்பி கொடுத்தேன். நல்ல காப்பிதான் கொடுத்தேன்.

ஆவணி 12, வியாழன்

செட் எல்லாம் சார்ஜ் ஏறியாயிற்று. எனக்குத்தான் ஏறவில்லை.

ஆவணி 14, சனி

நேற்று எழுத நேரமில்லை. இன்று நிதானமாக எழுதுகிறேன். சிலதை எழுதப் போவதில்லை.

வலது காதில் ஒயர். செட்டைக் கையில் வைத்திருந்தேன். முதல் பந்தி வெண்ணெய் மாதிரிப் போயிற்று. "கூட்டு ரெண்டு வாளி, பெருகட்டும்." "அவியல் வருது, பெருகட்டும்." யாரும் கத்தவில்லை, யாரும் ஓடவில்லை. மேல் மாடியில் ஒரு பிள்ளை அப்பளத்தை நொறுக்குகிற சத்தம்கூட எனக்கு வந்தது. அதன் அம்மா அதட்டியதும் வந்தது. கரண்டியும் கையுமாகச் சிரித்துக்கொண்டே இருந்தேன். "என்ன யக்கா, புதுப்பொண்ணு மாதிரி?" என்றாள் பாப்பா.

இரண்டாம் பந்திக்குச் சாம்பார் அண்டாவை வாளிகளில் கவிழ்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. செட்டின் கிளிப் பெல்ட்டில் மாட்டுவதற்கு. சேலைக்கு ஏது பெல்ட்? வெற்றிலைப் பையைச் செருகுகிற இடத்தில், இடுப்பில் செருகி, நழுவாமல் இருக்க முந்தானையை மேலே இரண்டு சுற்று இழுத்துக் கட்டினேன். நாற்பது வருஷமாக அந்த இடத்தில் இருந்து எதுவும் விழுந்ததில்லை.

அதற்கப்புறம் காதில் சத்தமே இல்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் ஒழுங்காகப் போகிறது, அதனால்தான் கேட்கவில்லை என்று பெருமையாக இருந்தது. நான் பாட்டுக்கு வேலையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "சாம்பார் வாளி முதல்ல மேல் மாடிக்குப் போகட்டும்." "அப்பளம் இப்பப் போடாத, ரசத்தோட போ." நடுவில் பாப்பாவிடம் பேச்சு. பெண்ணின் தாய்மாமா மூன்று தடவை அடுப்படிக்கு வந்து பாயசம் ருசி பார்த்துவிட்டுப் போனதைச் சொன்னேன். "கோயில் கோபுரத்தைக் கருடன் சுத்துற மாதிரி அண்டாவைச் சுத்துதாரு" என்றேன். பாயசத்தை இறக்கினதும், "இன்னைக்கு அமைஞ்சிருக்க பாயசம் மாதிரி என் ஆயுசுல அமைஞ்சதில்ல. முதல் பந்தி பாயசம் இதுக்குக் கால் தூசி. பாவம், குடுத்து வைக்காதவங்க" என்றும் சொன்னேன்.

அப்புறம் பாப்பா, "சுடலைமுத்து வாரானாமே யக்கா" என்று கேட்டாள். அவளிடம் மறைக்கத் தோன்றவில்லை. என் இடது பக்கத்துச் சமாசாரத்தையும், எத்தனை வருஷமாக என்பதையும், இந்தக் கரண்டியை வைத்துவிட்டால் அன்றைக்கே எனக்குக் கிழடு தட்டிவிடும் என்பதையும் சொன்னேன். இன்னும் ஒன்றும் சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை. பர்னர் இரைச்சலில் பாப்பாவுக்கே பாதிதான் விழுந்திருக்கும்.

முந்தானையை யாரோ அவிழ்க்கிற மாதிரி இருந்தது. திரும்பினால் மகன். என் வலது பக்கம் நின்றிருந்தான்.

"யம்மா, பொத்தானை அமுக்கிட்டே இருக்க."

இடுப்பில் இருந்து செட்டை எடுத்தான். தவளைக் கண் முந்தானைச் சுற்றுக்குள் அழுந்திக் கிடந்தது. எடுத்ததும் என் காதுக்குள் ஒரே சிரிப்பு. ஒரு கூடமே சிரிக்கிற சிரிப்பு.

"எவ்வளவு நேரமா?"

"சாம்பார் அண்டாவைக் கவுத்ததுல இருந்து."

சாம்பாரைக் கவிழ்த்தது முதலில். பாப்பாவிடம் பேசியது பின்னால். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

மேலே நடந்ததைக் காந்தி சொன்னாள். என் பேச்சு எல்லா செட்டிலும் ஓடியிருக்கிறது. யாரும் என்னிடம் கேட்க முடியவில்லை, ஆனால் என்ன வருகிறது, எப்போது வருகிறது என்று என் வாயாலேயே தெரிந்ததால் பரிமாறுகிறவர்கள் இலை இலையாகத் தயாராக நின்றிருக்கிறார்கள். கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. கொம்பையாவின் சட்டைப் பையில் இருந்து கூடம் முழுக்கக் கேட்டிருக்கிறது. கருடன் என்றதும் தாய்மாமா இலையில் இருந்து எழுந்து எல்லாரையும் கும்பிட்டாராம். பாயசத்தைப் பற்றி நான் பேசினதும் வந்தது வினை. முதல் பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவினவர்கள் எல்லாம் திரும்பி வந்து, எங்களை மட்டும் பாவம் என்று விட்டுவிடுவீர்களா என்று டம்ளரோடு நின்றிருக்கிறார்கள். இலையில் இருந்தவர்கள் பாயசம் வராமல் எழுந்திருக்க மாட்டோம் என்றிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் சுடலைமுத்து.

"இடது பக்கம்னு நீ ஆரம்பிச்சதுமே கொம்பையா தாத்தா சத்தத்தைக் குறைச்சுட்டாரு ஆச்சி. விருந்தாளி யாரும் கேக்கல" என்றாள்.

"நீ ஓடி வந்து சொல்லியிருக்கலாம்லாட்டி?"

"வந்தேன். படியில அப்பா நின்னாங்க, செட்டைக் காதோட வச்சுக்கிட்டு. இரு, அவ பேசட்டும்னு என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க."

ஆவணி 15, ஞாயிறு

மகன் என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. சாப்பாட்டுக்கு உட்காரும்போது தட்டை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து எனக்கு வலது பக்கமாக உட்கார்ந்தான். கொம்பையா வந்தார், அவரும் வலது பக்கம். பாத்திரம் வாங்கிப் போக வந்த மண்டபத்து ஆள்கூட. என் வலது பக்கம் ரேஷன் கடை மாதிரி இருக்கிறது.

ஆவணி 16, திங்கள்

சாயங்காலம் செட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒன்று பேசியது.

"பிரமநாயகம் பேசுதேன்." கொட்டகையில் அண்டாக்களுக்கு நடுவில் இருந்து பேசினான். ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரிந்தது. "யம்மா, சுடலைமுத்துகிட்ட மாஸ்டர் வேலை வேண்டாம்னு சொல்லிட்டேன். அப்ப ஆச்சிக்குக் கையாளா வாரேங்கான். நீ பாப்பா அத்தைகிட்ட ஒண்ணு சொன்னல்லா, நான் உன்கிட்ட சரியாப் பேசுறதே இல்லன்னு. ரெண்டு வருஷமா நான் பேசிட்டுத்தான் இருந்தேன். நீதான் திரும்பல. என்கிட்ட பேசப் பிடிக்காமத்தான் இருக்கன்னு நெனச்சுட்டேன்." பிறகு, "ஒரு இடத்துக்கு மட்டும் நீ என்கூட வரணும். காது டாக்டர்கிட்ட. பெருகட்டும்."

முதல் தடவையாக அவன் வாயில் அந்தச் சொல்.

நான் பொத்தானை அமுக்கினேன். டாக்டர் எல்லாம் தேவையில்லை என்றேன். ஒயர் கோளாறு என்றேன். உன் அப்பாவைப் போலவே நீயும் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறாய் என்றேன். நீ என்னிடம் பேசியதை எல்லாம் முதலில் இருந்து திரும்பச் சொல்ல வேண்டும் என்றேன். அப்புறம் சொல்ல ஒன்றும் இல்லை, ஆனாலும் பொத்தானை விடவில்லை. விட்டால் அவன் பேசுவான், நான் அழுதுவிடுவேன்.

கை வலித்தது. விட்டேன்.

"எல்லாம் கேட்டுச்சும்மா" என்றான்.

ஆவணி 20, வெள்ளி

காது டாக்டரிடம் போனோம். பாப்பாவுக்கும் காட்ட வேண்டும் என்று சொன்னதால் துணைக்குத்தான் போனேன். போன இடத்தில் எனக்கும் பார்த்துவிட்டார்கள். பாப்பாவுக்குக் காது பாம்புக் காது.

ஆவணி 29, ஞாயிறு

காதுக்குள் வைக்கிற சின்ன மிஷின் இன்று வந்தது. வாக்கி டாக்கி குட்டி போட்ட மாதிரி இருக்கிறது, இரண்டு குட்டி. எந்தப் பொத்தானும் அமுக்க வேண்டாம். பேசும்போதும் கேட்கிறது.

காலையில் ரசத்துக்குத் தாளித்தேன். எண்ணெய்க்குள் கடுகு பட்பட்டென்று வெடித்தது. பயந்துபோய்க் கரண்டியைப் போட்டுவிட்டேன். மறுபடி ஒரு சிட்டிகை போட்டேன், மறுபடி வெடித்தது. இன்னொரு சிட்டிகை. அடுப்படியே தீபாவளி. மருமகள் ஓடி வந்தாள். புதுக் கடுகா என்று கேட்டேன். இல்லை அத்தை, நீங்கள் ஆடியில் திருப்பிக் கொடுக்கப் போனதே, அதே டப்பா என்றாள்.

நாளைக்குக் கடைக்குப் போய், கடுகு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வர வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன்.